இதயத்தை எடை போடுற அந்தச் சீன்: 'டோன்ட் ஈட் த பிக்சர்ஸ்', 1983

நைல்கரை:
செசமி ஸ்ட்ரீட்ங்கிற அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சியோட பொம்மைங்க ஒரு ராத்திரி மியூசியத்துக்குள்ள மாட்டிக்கிற படம் இது. அங்கே சாபத்துல கிடக்கிற எகிப்திய இளவரசன் சாஹுவோட இதயம் ஒரு தட்டில், எதிர்த்தட்டில் ஒரே ஒரு இறகு. இதயத் தட்டு தாழ்ந்துடுது. செசமி ஸ்ட்ரீட்ல இப்படி ஒரு இடம்! பழைய எகிப்தியப் பாப்பிரஸ் ஓவியங்கள்ல தராசுப் பக்கமே அம்மித்ங்கிற ஜந்து காத்திருக்கும்: முதலைத் தலை, சிங்க முன்னுடல், நீர்யானைப் பின்னுடல். கனத்த இதயம் அதுக்குத் தீனி. இங்கே பிக் பேர்ட்ங்கிற பெரிய மஞ்சள் பறவை, செத்தவங்களுக்குத் தீர்ப்புச் சொல்ற கடவுள் ஓஸிரிஸ்கிட்டயே மல்லுக்கு நிற்குது: இத்தனை காலம் தனியாக் கிடந்த பையனுக்கு மனசு கனக்காம என்ன செய்யும்?

கல்தச்சன்:
வாதம் சரி, காலக்கணக்கு இடிக்குது. பையனுக்கு வயசு 4,000. அதுல வர்ற டெண்டூர் கோயில் கி.மு. 15 வாக்கில், ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்துல கட்டினது. அஸ்வான் அணைத் தண்ணி முழுங்கிடும்னு 1963ல் கல் கல்லாப் பிரிச்சாங்க; அமெரிக்காவுக்கு 661 பெட்டியில வந்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல திறந்தது 1978ல். சுவர்ல 19ஆம் நூற்றாண்டுப் பயணிகள் பேரைச் செதுக்கிட்டுப் போயிருக்காங்க. படத்துல சாஹுவை வாட்டுற பூதம் அவனை விட்டுட்டு இவங்களைச் சபிச்சிருக்கலாம்.

ராத்திரிக்காவல்:
பிஸ்கட்டுக்கு அலையுற பொம்மை குக்கி மான்ஸ்டரை விட்டுட்டீங்களே! 'படங்களைத் தின்னாதே' போர்டு முன்னாடி அது படுற பாடுதான் படத்தோட உயிர். நிஜமாவே தின்கிற ஜந்துகள் உண்டு. இராமபாணப் பூச்சி காகிதத்தையும் பசையையும் அரிக்கும்; கார்பெட் வண்டோட புழு கம்பளி, பட்டு, இறகு எதையும் விடாது. பிஸ்கட் துகளுக்கு எலி வரும், செத்த எலிக்கு வண்டு வரும், வண்டு அப்படியே திரைச்சீலைக்குத் தாவும். பூச்சி விழுந்த துணியைப் பாலிதீன்ல காத்துப் புகாமச் சுத்தி, மைனஸ் 30 டிகிரின்னா மூணு நாள், மைனஸ் 18ன்னா ரெண்டு வாரம் வைக்கணும். எடுத்ததும் உறையைப் பிரிக்காதீங்க. ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்க, இல்லேன்னா ஈரம் கோத்துக்கும். எண்ணெய் வண்ண ஓவியத்தை மட்டும் ஃப்ரீஸர் பக்கமே கொண்டுபோகக் கூடாது, வண்ணம் விரிசல் விட்டு உதிரும்.

கல்தச்சன்:
ஃப்ரீஸரை யாருங்க கேட்டா?

குப்பைத்தொட்டி:
எனக்குப் பிடிச்சது குப்பைத்தொட்டியில வாழுற பொம்மை ஆஸ்கர்தான். உடைஞ்ச சிலைகளைப் பார்த்து அது பூரிச்சுப் போற இடம்! கிரேக்கப் பளிங்குச் சிலைகள்ல நீட்டின கையைப் பல நேரம் தனிக் கல்லில் செதுக்கி, உலோக முளை வச்சுப் பொருத்துவாங்க. இரும்பு முளைன்னா துருப்பிடிச்சு உப்பும், பளிங்கைப் பிளக்கும். அதான் கை முதல்ல போயிடுது.