பாலை லாவெண்டர் மஞ்சளாகிறது; மேற்குச் சுவருக்கு வேறு என்ன வாசனைப் புதர் வைக்கலாம்?

சாண்ட்லர்_மாலா:
வணக்கம். அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கம் சாண்ட்லரில் இருக்கிறோம். கொல்லைப்புறப் புல்தரையை எடுத்துவிட்டுச் சரளை பரப்பியாகிவிட்டது. மேற்குச் சுவரோரம் காலியாகக் கிடக்கிறது, மதியத்துக்கு மேல் அனல். மல்லிகைக்கு ஊற்றும் அளவு தண்ணீரை இங்கே செலவழிக்க மனசு வரவில்லை. இந்த மண்ணின் செடியாகவும் இருக்க வேண்டும், மணக்கவும் வேண்டும். மழை வந்தால் ஊரெல்லாம் ஒரு வாசம் வருமே, அது எந்தச் செடி?

போன மாதம் ஒரு பாலை லாவெண்டர் நட்டேன். சொட்டுநீர் தினமும் போகிறது. அப்படியும் இலை மஞ்சளாகி உதிர்கிறது. வெயில் தாங்கவில்லையா?

டூசான்_வாசி:
மழை வாசம் கிரியோசோட் புதருடையது. இலையில் பிசின் பூசினதுபோல் இருக்கும், நனைந்தால் மணம் நன்றாகக் கிளம்பும். இங்கே சிலர் ஒரு கொத்தைக் குளியலறையில் தொங்கவிடுவார்கள், வெந்நீர் ஆவி பட்டதும் வீட்டுக்குள்ளேயே மழைக்காலம்தான். நர்சரியில் வாங்குங்கள். காட்டில் வளர்ந்ததைப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. அனுமதியில்லாமல் தோண்டுவது சட்டப்படியும் தப்பு.

லாவெண்டருக்கு வெயில் பிரச்சினையே இல்லை. நம் துளசிக் குடும்பம், ஆனால் வறண்ட ஓடைக்கரையில் தானாக வளர்வது. எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். பக்கத்தில் ஓரடிக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, மறுநாள் என்ன ஆகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் அக்கா.

சாண்ட்லர்_மாலா:
பார்த்தேன். ஓரடிக்குக் கீழே வெள்ளையாகப் பாறை மாதிரி இருக்கிறது, மண்வெட்டி இறங்கவில்லை. காலையிலும் குழியில் பாதித் தண்ணீர் நிற்கிறது.

மேசா_தாத்தா:
அது கலீச்சி அம்மா. சுண்ணாம்பு இறுகிய படிவம். தினமும் விடும் நீர் அதன் மேல் தேங்கி வேர் மூச்சுவிட முடியாமல் அழுகுகிறது, மஞ்சளுக்கு அதுதான் காரணம். தினசரித் தண்ணீரை உடனே நிறுத்துங்கள். நாலு அங்குலம் தோண்டிப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் ஒருமுறை ஆழமாக விடுங்கள். சொட்டுக் குழாயைத் தண்டை விட்டுத் தள்ளி வையுங்கள்.

இனி நடும் இடங்களில் கடப்பாரையால் படிவத்தை உடைத்து நீர் இறங்க வழி செய்யுங்கள், இல்லையென்றால் மண்ணை மேடாக்கி அதன்மேல் நடுங்கள். எருவெல்லாம் வேண்டாம், இவற்றுக்கு ஊர் மண்ணே போதும். தோண்டும் முன் 811-ஐக் கூப்பிட்டுப் பூமிக்கடியில் குழாய், கம்பி எங்கே போகிறது என்று குறித்துக்கொள்வது நல்லது.

அப்புறம், இது மே மாதம். புதிதாக ஒன்றும் நடாதீர்கள். அக்டோபர் வரட்டும், வேர் பிடிக்கக் குளிர்காலம் முழுக்கக் கிடைக்கும். ஃபீனிக்ஸில் டெசர்ட் பொட்டானிக்கல் கார்டன் இலையுதிர்காலத்தில் செடி விற்பனை நடத்தும், அங்கே போய் முகர்ந்து பார்த்தே வாங்கலாம்.

சாண்ட்லர்_மாலா:
ரொம்ப நன்றி ஐயா. டெக்சஸ் மவுண்டன் லாரல் பூ திராட்சை சோடா மாதிரி மணக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். வைக்கலாமா? வீட்டில் சின்னக் குழந்தை உண்டு.

டூசான்_வாசி:
மணம் உண்மைதான். ஆனால் அது சிவாவா பாலைவனத்துச் செடி, நம் சொனோரன் பாலைவனத்தது இல்லை. அது கிடக்கட்டும், அதன் சிவப்பு விதை விஷம். குழந்தை இருக்கும் வீட்டில் நான் வைக்க மாட்டேன்.

அதற்குப் பதில் பீபிரஷ் பாருங்கள். தெற்கு அரிசோனாவில் தானாக வளர்வது, மழைக்குப் பிறகு வெள்ளைப் பூவாகப் பூத்து வெனிலா வாசம் அடிக்கும். ஜன்னலோரம் வைத்தால் வாசம் உள்ளே வரும். ஊர்ப்பக்கம் பார்த்த கஸ்தூரி வேலும் இங்கே உண்டு, அமெரிக்காதான் அதற்குப் பூர்வீகம். மஞ்சள் பூவின் மணத்துக்கு ஈடில்லை, ஆனால் முள்ளும் மரமளவு உயரமும் இருப்பதால் சுவரை ஒட்டி வேண்டாம்.

மேசா_தாத்தா:
என்னைக் கேட்டால் கிரியோசோட் இரண்டு, பீபிரஷ் ஒன்று போதும். கிரியோசோட்டை நீங்கள் உட்காரும் திண்ணைப் பக்கமாக வையுங்கள், தூர மூலையில் வைத்தால் மழை வந்தால்தான் வாசம் எட்டும். லாவெண்டர் தப்பினால் நடமாட்டமில்லாத ஓரத்திலேயே இருக்கட்டும், பூத்தால் தேனீ மொய்க்கும். கடும் உறைபனியில் நுனி கருகும், பயந்து பிடுங்கிவிடாதீர்கள், பெரும்பாலும் வசந்தத்தில் அடியிலிருந்து துளிர்க்கும்.

சாண்ட்லர்_மாலா:
சரி ஐயா, சொட்டுநீரை நிறுத்திவிட்டேன். எங்கள் குடியிருப்புச் சங்கம் எந்தச் செடிக்கும் அனுமதி கேட்கிறது, அதற்கு என்ன செய்வது?

மேசா_தாத்தா:
மாநில நீர்வளத் துறை குறைந்த நீர்ச் செடிகளுக்கென ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறது. நீங்கள் தேர்ந்த செடி அதில் இருக்கிறதா பார்த்து, அந்தப் பக்கத்தை விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுங்கள்.