ஜார்க்கண்ட் ஹாக்கிப் பெண்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வங்கிக்காரன்:
சிம்டேகாவில் போஸ்டிங் இருந்தபோது பார்த்தது. கிராமத்து கஸ்ஸி ஹாக்கி மேட்ச்தான், அதாவது ஜெயிக்கிற அணிக்குக் கிடா பரிசு. இடைவேளையில் ஒரு பெண் தன் ஷூவைக் கழற்றித் தங்கைக்குக் கொடுத்தாள். வீட்டுக்கே அந்த ஒரு ஜோடிதான் போல. சின்னவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. கிழிந்த புடவைத் துணியை முன்பக்கம் திணித்து, லேஸைக் கணுக்காலோடு சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டாள். அதற்கப்புறம் அக்கா மைதானத்தில் இறங்கவே இல்லை. முதல் பாதியில் மொத்தத் தடுப்பாட்டத்தையும் சுற்றவிட்டவள் அவள்தான், தங்கை சுமார். பக்கத்தில் நின்ற அப்பா, "ஹாக்கி ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்க வந்திருக்கிறார்கள். சின்னவளுக்குத்தான் வயது சரியாக இருக்கும்" என்றார். சலீமா டெடேயின் ஆட்டத்துக்காக அவருடைய அக்கா வீட்டுவேலைக்குப் போன கதையைப் பிறகு படித்தேன். 2024-இல் சலீமா இந்தியப் பெண்கள் ஹாக்கி அணிக்கு கேப்டன் ஆனபோது எல்லோரும் அவரைப் பற்றிப் பேச, எனக்கு அந்தப் பெரியவள் முகம்தான் வந்தது.

ரூர்கேலா மாமா:
மறுபடியும் ஏழ்மைக் கதையா சார்? 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போன இந்திய ஹாக்கி அணிக்கு கேப்டன் ஜார்க்கண்டின் ஜெய்பால் சிங் முண்டா. இந்தியாவுக்கு ஆடிய மைக்கேல் கிண்டோ, 1980 மாஸ்கோவில் தங்கம் வாங்கிய சில்வானுஸ் டுங்டுங், அசுந்தா லக்ரா எல்லோரும் சிம்டேகா மண். சலீமாவின் அப்பாவே உள்ளூர் ஆட்டக்காரர். இங்கே ஒரு பாட்டி பேத்தியை வெளுத்து வாங்கியதைக் கேட்டிருக்கிறேன். எதற்கு? இடப்பக்கம் வந்த பந்தை, குச்சியைத் திருப்பாமல் அதன் உருண்ட பின்பக்கத்தால் நிறுத்தப் பார்த்தாளாம், அது ஃபவுல்! இதுவும் குடும்ப ஆதரவுதான். பரிதாபப்படாதீர்கள்.

துவாரகா வாசி:
மாமா, பாட்டி சரி. ஆனால் சிம்டேகா, கும்லா, குந்தி பெண்கள் எத்தனை பேர் டெல்லியில் பாத்திரம் தேய்க்கிறார்கள் என்று வந்து பாருங்கள். 2021 ஆகஸ்ட் 6, டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் ஹாக்கி வெண்கல மேட்ச். எங்கள் வீட்டில் வேலை செய்த பெண் ஈரக் கையோடு டிவி முன்னால் நின்றாள். நிக்கி பிரதான் பந்தைத் தொட்டால் போதும், "குந்தி! எங்க குந்தி!" என்பாள். பிரிட்டனிடம் 3-4. நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. "நானும் நடுக்களத்தில் ஹாஃப்தான் ஆடினேன் தீதீ, எட்டாவது வரை" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

முன்னாள் கோல்கீப்பர்:
ராஞ்சி பரியாத்து ஹாக்கி பயிற்சி சென்டர் பெண்களோடு ஒருமுறை பயிற்சி ஆட்டம் ஆடி, நாலு கோல் வாங்கினேன். அதை விடுங்கள். பெண் பிள்ளையை ஹாக்கியில் சேர்ப்பவர்களுக்கு: முதலில் ஷின் கார்டு (முழங்காலுக்குக் கீழே கட்டும் காப்பு), அப்புறம்தான் விலையுயர்ந்த ஸ்டிக். மண் தரையில் பந்து துள்ளும், அதில் பழகிய கைக்கு எதையும் நிறுத்த வரும். அதனால் டர்ஃப் (செயற்கைப் புல்தரை) இல்லையே என்று புலம்ப வேண்டாம். ஆனால் பதினான்கு, பதினைந்து வயதுக்குள் டர்ஃபுக்கு மாற்றிவிடுங்கள். அங்கே தண்ணீர் தெளித்துத்தான் ஆடுவார்கள், பந்து வழுக்கிக்கொண்டு வேகமாக வரும். குனிந்தே ஓட வேண்டும், முதல் சில வாரம் இடுப்பு விட்டுப்போகும். முளைகட்டிய பயறு, முட்டை கொடுங்கள். முக்கியமாக, பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஒரே தேதி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். செலக்ஷன் அன்று காலை அலைந்தால் ஒன்றும் நடக்காது.

துவாரகா வாசி:
கோல்கீப்பர் சார், இங்கே யார் சார் சேர்க்கப் போவதாகச் சொன்னது?