‘கம் பேக் அப் டு மீ’: இந்த வரிசைக்கு விதி உண்டா?

ஆங்கில இலக்கணம் அறிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

வினைக்குப் பின்னால் வரும் குட்டிச் சொல் வினையுரிச்சொல்லாக (அட்வெர்ப்) இருந்தால், பிரதிப்பெயர் (‘இட்’, ‘ஹிம்’ போன்ற சொல்) அதற்கு முன்னால் நுழைந்துகொள்ளும்: ‘டர்ன் இட் ஆஃப்’. முன்னிடைச்சொல்லாக (ப்ரெபொசிஷன்) இருந்தால் பின்னால் நிற்கும்: ‘லுக் அட் இட்’. இதுவரை குழப்பமில்லை. ‘ரன் அப் எ ஹில்’ என்றால் குன்றில் ஓடி ஏறுவது, ‘ரன் அப் எ பில்’ என்றால் பாக்கியை ஏற்றிக்கொண்டே போவது. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பிரதிப்பெயர் வந்ததும் சாயம் வெளுத்துவிடுகிறது: குன்றுக்கு ‘ரன் அப் இட்’, பாக்கிக்கு ‘ரன் இட் அப்’. அழகான சோதனை!

இரண்டு வகையும் சேர்ந்து வரும்போதுதான் தலை சுற்றுகிறது. ‘புட் அப் வித் இட்’ (அதைப் பொறுத்துக்கொள்) என்பதில் ‘இட்’ கடைசியில்தான் வரும். ‘டேக் இட் அவுட் ஆன் ஹிம்’ (ஆத்திரத்தை அவன்மேல் காட்டு) என்பதிலோ ஒன்று நடுவில், இன்னொன்று கடைசியில். முதலாவதில் ‘இட்’ என்பது ‘வித்’துக்கு மட்டுமே சொந்தம், இரண்டாவதில் வினைக்கே தனியாக ஒரு செயப்படுபொருள் இருக்கிறது என்று நானாகக் காரணம் கற்பித்திருக்கிறேன். இது சரிதானா?

அடுத்து, தலைப்பில் உள்ள கேள்வி. ‘பேக் அப் டு மீ’ என்கிறார்கள். ‘அப் பேக் டு மீ’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ‘பேக் டவுன்’, ‘பேக் ஓவர்’ எல்லாமே இப்படித்தான். ‘பேக்’ ஏன் எப்போதும் முந்திக்கொள்கிறது?

‘அது வழக்கு, மனப்பாடம் செய்’ என்ற பதில் மட்டும் வேண்டாம். அது ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது. பயிற்சிக்கு நாலைந்து வாக்கியங்களும் தந்தால் மகிழ்வேன்.