எஃப்.பி.ஜி.ஏ-வில் 1024 புள்ளி எஃப்.எஃப்.டி: உச்சம் தவறான இடத்தில் வருகிறது, உதவுங்கள்

காரைக்குடி மாணவன்:
பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். தேவகோட்டையில் மாமாவின் அரிசி ஆலையில் மோட்டார் பேரிங் அடிக்கடி போகிறது. அதிர்வை வைத்து முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கருவிதான் என் புராஜெக்ட். எஃப்.பி.ஜி.ஏ-வில் (உள்ளே நாமே சுற்றை அமைத்துக்கொள்ளும் சிப்) எஃப்.எஃப்.டி (சிக்னலில் எந்த அதிர்வெண் எவ்வளவு என்று பிரிக்கும் கணக்கு) செய்கிறேன். நொடிக்கு 2048 மாதிரிகள், 16 பிட். 1024 புள்ளி என்பதால் விடையில் ஓர் இடத்துக்கு 2 ஹெர்ட்ஸ். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, அதாவது 24 ஹெர்ட்ஸ், 12-ஆம் இடத்தில் உச்சம் வர வேண்டும். ஆனால் சிக்னல் ஜெனரேட்டரில் 24 ஹெர்ட்ஸ் சைன் கொடுத்தால் 191, 192-இல் வருகிறது. 50 கொடுத்தால் 608, 927. அதே தரவு பைத்தானில் சரியாக வருகிறது. வீச்சைக் கூட்டினால் எல்லா இடத்திலும் குப்பை உச்சங்கள். எஃப்.எஃப்.டி கணக்கின் பத்து நிலைக்கும் தனித்தனிப் பெருக்கிகள் வைத்ததில் சின்ன போர்டில் இடமும் கொள்ளவில்லை.

குன்றக்குடிக்காரர்:
தம்பி, கணக்கு சரிதான், விடையின் வரிசைதான் மாறியிருக்கிறது. 12-ஐப் பத்து பிட்டில் எழுதுங்கள்: 0000001100. பின்னாலிருந்து படித்தால் 0011000000, அதாவது 192. மெய் எண் சிக்னலுக்கு 1024 - 12 = 1012-இல் ஒரு பிம்ப உச்சம் உண்டு. அதைத் திருப்பினால் 191. அப்படியே 25 திரும்பி 608, அதன் பிம்பமான 999 திரும்பி 927. நான்கும் ஒத்துப்போகிறது. உள்ளீட்டை வரிசையாக வாங்கும் ரேடிக்ஸ்-2 டி.ஐ.எஃப் வகை எஃப்.எஃப்.டி (ஒவ்வொரு நிலையிலும் கணக்கை இரண்டாகப் பிரித்துக்கொண்டே போவது) விடையை இப்படித்தான் தரும். விடையைப் படிக்கும்போது நினைவகத்தின் முகவரிக் கம்பிகள் பத்தையும் தலைகீழாக இணையுங்கள். ஒரு கேட் கூடச் செலவில்லை.

காரைக்குடி மாணவன்:
அண்ணே, 24 இப்போது 12-ஆம் இடத்தில் நிற்கிறது. ரொம்ப நன்றி! குப்பை மட்டும் போகவில்லை.

கானாடுகாத்தான் அக்கா:
அது ஓவர்ஃப்ளோ, அதாவது எண் 16 பிட்டில் அடங்காமல் வழிகிறது. ஒவ்வொரு பட்டர்ஃப்ளையிலும் (இரண்டு எண்களைக் கூட்டி, கழித்து, பெருக்கும் அடிப்படைக் கணக்கு) மதிப்பு இரட்டிக்கலாம். பத்து நிலை என்றால் 1024 மடங்கு, 16 பிட் எப்படித் தாங்கும்? கூட்டல், கழித்தலை 17 பிட்டில் செய்து, உடனே பாதியாக்குங்கள். கடைசி பிட்டை வெறுமனே வெட்டினால் விடை ஒவ்வொரு நிலையிலும் கீழ்ப்பக்கம் சாயும், அதனால் முழுமைப்படுத்தி வெட்டுங்கள்.

அப்புறம் அந்தப் பெருக்கிகள். இதைத்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. 1024 மாதிரி சேர அரை நொடி ஆகிறது. மொத்த வேலை 512 × 10 = 5120 பட்டர்ஃப்ளை. ஒன்றுக்கு 4 கிளாக் என்றாலும் 20,480 கிளாக். 50 மெகாஹெர்ட்ஸில் அரை மில்லிநொடி கூட ஆகாது. ஒரே ஒரு பட்டர்ஃப்ளை போதும். விடையை எடுத்த இடத்திலேயே திரும்ப எழுதிக்கொண்டே போகலாம். பத்து நிலைக்கும் தனிச் சுற்று வைக்கும் பைப்லைன், ரேடார் மாதிரி மாதிரிகள் நிற்காமல் கொட்டும் இடத்துக்கு. சிக்கலெண் பெருக்கலையும் நான்குக்குப் பதில் மூன்று பெருக்கலில் முடிக்கலாம், கூட்டல் கொஞ்சம் கூடும். பெருக்கத் தேவைப்படும் சைன் அட்டவணையில் கால் பங்கு வைத்தால் மீதியைத் திருப்பிப் படித்தும் குறி மாற்றியும் எடுக்கலாம்.

காரைக்குடி மாணவன்:
அக்கா, ஒவ்வொரு நிலையிலும் பாதியாக்கினால் பேரிங்கின் சின்ன அதிர்வு அமுங்கிவிடாதா?

கானாடுகாத்தான் அக்கா:
அமுங்கும், நல்ல கேள்வி. எப்போதும் பாதியாக்காமல், அந்த நிலையின் பெரிய மதிப்பைப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மொத்தத்தையும் பாதியாக்குங்கள். எத்தனை முறை என்று ஒரு கவுண்டரில் வையுங்கள். பிளாக் ஃப்ளோட்டிங் பாயிண்ட் என்பார்கள். நிஜ மோட்டார் சரியாக 24-இல் நிற்காது, உச்சம் பக்கத்து இடங்களுக்கும் சிதறும், ஆகவே ஹான் விண்டோவையும் (மாதிரித் தொகுப்பின் இரு முனைகளையும் மெல்லக் குறைக்கும் எடைகள்) உள்ளீட்டில் பெருக்கிவிடுங்கள்.