மாருதி 800: இரண்டுக்கு இழுத்தால் நான்கில் போய் விழுகிறது

அரவேணு 800 (கேள்வி)

வணக்கம். எங்கள் வீட்டு வண்டி 2006 மாடல் மாருதி 800, நான்கு கியர். அப்பா வாங்கியது. அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன். கிராம சுகாதார செவிலியர் வேலை. எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போக இந்த வண்டிதான் எனக்குக் கால். வாரத்தில் இரண்டு நாள் கோத்தகிரி ரோட்டில் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறவும் வேண்டும்.

மூன்று மாதமாகக் கியர் லீவரில் ஆட்டம். நியூட்ரலில் விட்டால் கூழ்ப் பானைக்குள் அகப்பை சுற்றுகிற மாதிரி எல்லாப் பக்கமும் சுற்றுகிறது. முதலில் ரிவர்ஸ் தேடுவது மட்டும்தான் கஷ்டமாக இருந்தது, பழகிக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை குஞ்சப்பனைக்கு மேலே நல்ல பனி. எதிரே பஸ் லைட் மட்டும் தெரிகிறது. வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தேன், லீவரும் கீழே வந்தது. கிளட்சை விட்டதும் இஞ்சின் பிடிக்கவே இல்லை, வண்டி இறக்கத்தில் தன் போக்கில் ஓட ஆரம்பித்துவிட்டது. நான்கில் விழுந்திருக்கிறது. பிரேக்கைப் பலமாக மிதித்து, ஓரம் கட்டி நிறுத்தியபோது லைனிங் கருகிய வாசம் வண்டிக்குள்ளேயே வந்தது. கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அங்கே வண்டிக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. கியர் பாக்ஸை இறக்கணும், உள்ளே கியரைச் சத்தமில்லாமல் விழ வைக்கிற சிங்க்ரோ ரிங் போயிருக்கும், 14,000 ஆகும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லாக் கியரும் விழுகிறது. இஞ்சின் ஓடும்போதும் கரகரவென்று சத்தம் இல்லை. லீவர் சரியான இடத்துக்குப் போகாததுதான் பிரச்சினையாகத் தெரிகிறது. கீழே எட்டிப் பார்த்தால், லீவரையும் கியர் பாக்ஸையும் இணைக்கிற ராடு முனையில் மண் புகாமல் மூடுகிற ரப்பர் பூட் கிழிந்து தொங்குகிறது. இது ராடு இணைப்புக்குள் இருக்கிற ரப்பர், நைலான் வளையத்தின் (புஷ்) தேய்மானமா? நானே மாற்ற முடியுமா? ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். வீட்டில் தம்பி இருக்கிறான்.

குன்னூர் ரிங் ஸ்பேனர் (பதில்)

தங்கச்சி, நீங்க சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. முப்பது வருஷமா இந்த வண்டிகளுக்கு அடியில படுத்து எந்திரிக்கிறவன் சொல்றேன், மொதல்ல பாக்ஸைத் தொட விடாதீங்க.

மூணு மேல, வலது பக்கம். ரெண்டு கீழ, இடது பக்கம். மூணுல இருந்து நேரா கீழ இழுத்தா நாலு. ரெண்டு விழணும்னா ராடு இடது பக்கம் திரும்பியாகணும். உங்க கை இடது பக்கம் தள்ளுது, ஆனா அந்தத் தள்ளு முழுசையும் தேஞ்ச புஷ்ஷே முழுங்கிடுது. பாக்ஸ்கிட்ட ராடு திரும்பவே இல்ல. அதான் நாலு.

சோதிச்சுப் பாத்துட்டுக் காசு செலவு பண்ணுங்க. சமதரையில நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கட்டை குடுங்க. இஞ்சின் ஆஃப். தம்பிய உள்ள உக்கார வெச்சு லீவரை நியூட்ரல்ல மெதுவா அசைக்கச் சொல்லுங்க. நீங்க டார்ச் அடிச்சுக் கீழ பாருங்க. லீவர் அசஞ்சும் ராடு சும்மா நின்னா லீவர் பக்கத்துப் புஷ். ராடு அசஞ்சு, பாக்ஸ்ல இருந்து வெளிய வர்ற ஷாஃப்ட் நின்னா முன்பக்க ஜாயிண்ட் புஷ். ரெண்டும் கூடவே அசஞ்சு, அப்பவும் கியர் விழலேன்னா மட்டும் பாக்ஸைப் பத்தி யோசிக்கலாம்.

இஞ்சின் ஆஃப்ல சுலபமா விழுந்து, ஓடும்போது கரகரன்னு கத்தினா அது கிளட்ச் முழுசா விடாத கேஸ். உங்களுக்கு அது இல்ல.

செய்யும்போது மூணு விஷயம். வெறும் ஜாக்கியில ஏத்திட்டு அடியில போகவே கூடாது, ஸ்டாண்டு வேணும். ராடு பக்கத்துலயே சைலன்சர் பைப் ஓடுது, அதனால காலைல வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி செய்யுங்க. ஜாயிண்டைக் கழட்டறதுக்கு முன்னாடி ராடு உக்காந்திருக்கற நிலைய பெயிண்ட்ல கோடு போட்டு வெச்சுக்கோங்க. கோணம் மாறிட்டா அப்புறம் ஒரு கியர் விழும், ஒரு கியர் விழாது.

தாண்டிக்குடி மிளகு (பதில்)

எங்கள் பழனி மலைப் பக்கமும் இதே கதைதான். வத்தலக்குண்டில் இருந்து ஏறுகிற வளைவுகளில் மூன்று, இரண்டு, ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருக்கிறோம். கீழே ஊர்களில் ஓடுகிற வண்டியைவிட இங்கே புஷ் சீக்கிரம் போய்விடும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். கம்பெனி புஷ் அப்போது கிடைக்கவில்லை என்று லேத்தில் கொடுத்துப் பித்தளையில் கடைந்து போட்டேன். முதல் வாரம் லீவர் கல் மாதிரி நின்றது, ரொம்பச் சந்தோஷம். பிறகு இஞ்சின் அதிர்வு மொத்தமும் உள்ளங்கைக்கு வர ஆரம்பித்தது. பூட் போடாமல் விட்டதில் மண் புகுந்து, ஒரே வருடத்தில் புஷ்ஷோடு போல்ட்டும் ராடு ஓட்டையும் தேய்ந்தன. ராடையே மாற்ற வேண்டி வந்தது. விலை குறைந்த ரப்பரும் நைலானும் தேயட்டும், ராடு பிழைக்கட்டும் என்றுதான் கம்பெனி அப்படி வைத்திருக்கிறான். பித்தளைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று. ஆக்சிலேட்டரை மிதித்து விடும்போது லீவர் தானாக முன்னும் பின்னும் ஆடுகிறதா? அப்படியானால் இஞ்சினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங்கையும் பாருங்கள். 800-இல் இரண்டு ராடு உண்டு. ஒன்று கியரை மாற்றுவது. மற்றது பாக்ஸையும் லீவர் அடிப்பாகத்தையும் சேர்த்துப் பிடித்து, இஞ்சின் குலுங்கும்போது லீவரும் கூடவே நகர வைப்பது. அந்த இரண்டாவது ராடு புஷ்ஷைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஊட்டி கேரட் லோடு (பதில்)

சகோதரி, புது ரப்பர் புஷ்ஷில் சாதா கிரீஸ், டீசல் எதுவும் படக் கூடாது, ரப்பர் ஊதிவிடும். சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றுங்கள், அல்லது சிலிகான் கிரீஸ். நைலான் புஷ் முரண்டு பிடித்தால் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுங்கள், இளகி உட்காரும். பாக்ஸ் ஷாஃப்ட் ஆயில் சீல் கசிகிறதா என்றும் பாருங்கள். கசிகிற ஆயிலில் நனைந்த புஷ் நிலைக்காது.

அரவேணு 800 (பதில்)

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம்.

குன்னூர் அண்ணன் சொன்ன சோதனைதான் முதலில். தம்பி லீவரை இடது பக்கம் தள்ளினான். ராடு கூடவே திரும்பியது. முன்பக்க ஜாயிண்டில் என் சுண்டு விரல் அகலத்துக்கு ஆட்டம், அதற்கப்புறம்தான் ஷாஃப்ட் அசைந்தது. பாக்ஸை இறக்க வேண்டியதில்லை என்று தெரிந்த அந்த நிமிடம் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போல்ட் துருப்பிடித்து நகரவில்லை. துரு விடும் ஆயில் அடித்து அரை மணி நேரம் விட்டு, நீளமான ரிங் ஸ்பேனர் போட்டதும் டக்கென்று விட்டது. பழைய புஷ் இறுகிக் கிடந்தது. கைப்பிடி இல்லாமல் ஹேக்ஸா பிளேடை மட்டும் ஓட்டைக்குள் விட்டு, உலோகத்தில் படாமல் ஒரு பக்கம் அறுத்ததும் சுருண்டு வெளியே வந்தது.

அதைக் கையில் வைத்துப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவத்தில் இருந்தது. ஒரு பக்கம் நல்ல தடிமன், எதிர்ப்பக்கம் வெற்றிலை அளவுக்கு மெலிசு. உள்ளே செம்மண்ணும் பழைய கிரீஸும் குழைந்து, விரலில் தேய்த்தால் நறநறவென்றது. எங்கள் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் மழை கனம். கிழிந்த பூட் வழியே அந்தச் சேறு உள்ளே போய் அரைத்திருக்கிறது. அப்பா இருந்திருந்தால் பூட் கிழிந்த அன்றே மாற்றியிருப்பார்.

புது புஷ்ஷைச் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு பக்கம் பெரிய சாக்கெட் வைத்து, பெஞ்ச் வைஸில் மெதுவாக அழுத்தினோம். இரண்டாவது தடவைதான் நேராக உட்கார்ந்தது. லீவர் அடியில் இருந்த இரண்டு புஷ், நைலான் கிண்ணம், ரப்பர் பூட், தாண்டிக்குடி நண்பர் சொன்ன இரண்டாவது ராடு புஷ் எல்லாமே மாற்றினேன். மொத்தம் 640 ரூபாய். கோடு போட்ட இடத்திலேயே ராடைப் பூட்டியதால் நான்கு கியரும் ரிவர்ஸும் முதல் முயற்சியிலேயே விழுந்தன. சீல் கசியவில்லை.

இன்று மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டு வந்தேன். அதே வளைவில் இரண்டுக்கு இழுத்தேன். லீவர் இடது பக்கம் போய் ஒரு சின்னத் தட்டலோடு கீழே உட்கார்ந்தது. இஞ்சின் குரல் உயர்ந்து வண்டியைப் பிடித்துக்கொண்டது. பிரேக்கில் கால் வைக்கவே தேவைப்படவில்லை.

ஆக்சிலேட்டரை விடும்போது லீவர் இன்னும் லேசாகப் பின்னால் இழுக்கிறது, ஆக மவுண்டிங்கும் பார்க்க வேண்டும். குன்னூர் அண்ணா, அதை வீட்டிலேயே மாற்ற இஞ்சினைக் கீழிருந்து கட்டை வைத்துத் தாங்கினால் போதுமா, மேலிருந்து செயின் பிளாக் போட வேண்டுமா?

குன்னூர் ரிங் ஸ்பேனர் (பதில்)

ஒரு நேரத்துல ஒரு மவுண்டிங் மட்டும் கழட்டறதா இருந்தா கீழ ஜாக்கி போதும் தங்கச்சி. ஆயில் சம்ப் தகடுக்கு நேரா வெச்சுடாதீங்க, நசுங்கிடும். அகலமான மரப் பலகை குடுத்து மேல ஏத்துங்க. இஞ்சினோட எடை மட்டும்தான் ஜாக்கி மேல நிக்கணும், வண்டி தூக்கக் கூடாது. எந்த மவுண்டிங்னு ஒரு போட்டோ போடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்.