ஏற்காட்டு மலைப்பாதையும் அம்மாவின் முதல் விமானப் பயணமும்

சேலத்திலிருந்து சென்னைக்கு அம்மாவை முதன்முறையாக விமானத்தில் அழைத்துச் சென்றபோது எல்லாவற்றையும் சரிபார்த்தேன். அவர் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை மட்டும் பார்க்கவில்லை. காமலாபுரம் விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில் அதிலிருந்து பாக்குவெட்டி வெளியே வந்தது. பெட்டியை முன்பே கவுன்டரில் ஒப்படைத்துவிட்டதால் அதற்குள் மாற்றி வைக்கவும் வழியில்லை. பாட்டி காலத்துப் பாக்குவெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். தவறு முழுக்க என்னுடையதே.

ஆகவே பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள் சுருக்குப் பை வரை வீட்டிலேயே கேட்டுப் பார்த்துவிடுங்கள். கத்தி, கத்தரிக்கோல் போன்றவை ஒப்படைக்கும் பெட்டியில்தான் போக வேண்டும். பவர் பேங்க் அதற்கு நேர்மாறாகக் கைப்பையில்தான் இருக்க வேண்டும். அதிலுள்ள லித்தியம் பேட்டரி தீப்பற்றினால், ஆட்கள் இருக்கும் இடத்தில்தான் உடனே கவனித்து அணைக்க முடியும். தீப்பெட்டி இரண்டிலும் கூடாது. பெண்களைத் திரைமறைவில் பெண் காவலர்களே சோதிப்பார்கள் என்று முன்னரே சொல்லி வைத்திருந்ததால் அம்மா கூச்சப்படவில்லை.

நாங்கள் சென்றது ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானம். தரையில் நடந்து சென்று வால் பக்கத்துப் படியில் ஏறினோம். விசிறிகளின் இரைச்சல் சற்று அதிகம் என்றாலும், இறக்கை ஜன்னலுக்கு மேலே அமைந்திருப்பதால் கீழே பார்ப்பதற்குத் தடையே இல்லை. அண்ணாந்தே பார்த்துப் பழகிய சேர்வராயன் மலையை அம்மா அன்றுதான் குனிந்து பார்த்தார்.

முதன்முறை பறப்பவர்கள் அதிகம் அஞ்சுவது காதடைப்புக்குத்தான். சேலத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல என்பேன். ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்தில் கடந்தவர்கள் எல்லோரும் அதை அனுபவித்தவர்களே. ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி உயரம். பெரிய விமானங்கள் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் பொதுவாக 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலைமீது இருப்பதைப் போலத்தான் வைக்கப்படுகிறது. ஏறும்போது நடுக்காதிலுள்ள காற்று தானாக வெளியேறிவிடும்; இறங்கும்போதுதான் வெளியழுத்தம் கூடிச் செவிப்பறையை உள்நோக்கி அழுத்துவதால் வலி தெரிகிறது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் திறந்து அழுத்தம் சமமாகிறது. கைக்குழந்தைக்கு இறங்கும் நேரத்தில் பால் கொடுப்பதும் இதற்காகவே. கடும் சளி இருப்பவர்களுக்கு அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதால், மருத்துவரைக் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.

விமானம் தாழத் தொடங்கியதும் அம்மாவின் கையில் கல்கண்டைக் கொடுத்து, "எச்சிலை முழுங்கிக்கிட்டே இருங்கம்மா" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏற்காட்டு பஸ்ல காது வலிக்குதுன்னு நீ அழுதப்ப இதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்டா" என்றார். கல்கண்டை வாங்கிக்கொண்டார், பாக்குவெட்டிக்காக இருந்த கோபம் மட்டும் தாம்பரம் போய்ச் சேரும் வரை தணியவில்லை.