வட ஆற்காடு லீக்: அப்பா ஆடிய கிளப்பின் பெயர் தெரியவில்லை

என் அப்பா 1970களில் வட ஆற்காடு மாவட்டக் கால்பந்து லீக்கில் லெஃப்ட் அவுட் (இடது ஓர முன்கள வீரர்) ஆடியவர். அவர் ஆடிய கிளப்பின் பெயரைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்கிறேன். அப்பா இப்போது இல்லை.

கையில் இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. பின்னால் வேலூர்க் கோட்டை மதில், முன்னால் தரையில் ஒரு ஷீல்டு. அதில் 1974 என்பது தெளிவாகத் தெரிகிறது. கிளப் பெயர் இருந்த இடத்தைக் கரையான் அரித்துவிட்டது. அப்பா வலது ஓரத்தில் நிற்கிறார், காலில் பூட்ஸ் இல்லை, கணுக்காலில் துணிக்கட்டு மட்டும். அந்தக் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் மனசு என்னவோ செய்கிறது.

கூட ஆடியவர்கள் இருவரைச் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் தேடிப் பிடித்தேன். ஒருவர் "தோட்டப்பாளையம் டீம்" என்கிறார், மற்றவர் "சைதாப்பேட்டை பசங்க" (வேலூர் சைதாப்பேட்டை) என்கிறார். பதிவுப் பெயர் இருவருக்கும் நினைவில்லை. நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டினேன், அந்த வருடத்துக் கட்டு பாதிதான் இருக்கிறது. பதிவு அலுவலகத்தில் பெயர் இல்லாமல் தேட முடியாது என்றார்கள். மாவட்டம் 1989லும் 2019லும் பிரிந்ததில் பழைய ரிஜிஸ்டர் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

1974 லீக்கில் ஆடிய கிளப்களின் பட்டியலோ, மேட்ச் நோட்டீஸோ உங்கள் வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா?